குறிஞ்சியும் ஊதாத் தவளையும்

பூக்கும் செடி ஒன்றையும் நிலநீர் வாழ்வன ஒன்றையும் ஒப்பிடுக என்றால் நம் மாணவர் பலர் உடனே அட்டவணை வரைவர். ஒன்றுக்குப் பச்சையம் உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. ஒன்று நிற்கும், மற்றொன்று தாவும். மதிப்பெண் கிடைக்கும், அவ்வுயிர்கள் எவ்வாறு வாழ்கின்றன என்பது மட்டும் விளங்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிர்கள் இரண்டை எடுத்து, காலம் ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டு பார்ப்போம்.

நீலக்குறிஞ்சியைத் தமிழருக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. மூணாற்றை அடுத்த இரவிகுளத்தில் 2006-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் மலைச்சரிவுகள் நீலமாயின. 12 ஆண்டுகள் இலையும் தண்டுமாக நிற்கும் புதர், ஒரே பருவத்தில் பூத்து, விதை ஈந்து, பட்டுப்போகிறது. எல்லாம் ஒருங்கே பூப்பதால், விதை தின்னும் உயிர்கள் வயிறார உண்டாலும் மிச்சம் இருக்கும் என்பது அறிஞர் கருத்து.

ஊதாத் தவளையோ மண்ணுக்குள் வாழ்வது. உப்பிய உடல், கூரிய மூக்கு. அழகு என்று சொல்வதற்கில்லை! கறையானைத் தின்று ஆண்டின் பெரும்பகுதியை நிலத்தடியிலேயே கழிக்கும். மழை தொடங்கும் காலத்தில் ஆண் தவளை மண்ணுக்குள் இருந்தபடியே குரல் கொடுக்கும். சில நாட்களே வெளிவந்து, இணைந்து, ஓடைப் பாறை இடுக்கில் முட்டையிட்டு மீண்டும் மறையும். தலைப்பிரட்டைகள் உறிஞ்சும் வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு, பாயும் நீரிலே வளரும். மலைவாழ் மக்கள் இவற்றை முன்பே அறிவர். ஆனால் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜிய நாட்டு ஃபிராங்கி பொசாய்ட்டும் இதற்கு அறிவியற் பெயரிட்டது 2003-இல்தான். இதன் நெருங்கிய உறவினத் தவளைகள் கடல் கடந்து சீஷெல்ஸ் தீவுகளில் உள்ளன. அத்தீவுகளும் இந்தியாவும் ஒரே நிலமாக இருந்த காலத்தின் சான்று இது.

இரண்டும் நெடிது மறைந்து சிறிது வெளிப்படுவன. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஓராண்டு மழை பொய்த்தால் தவளை மறு ஆண்டு முயலலாம். குறிஞ்சிக்கு மறுமுறை இல்லை. விதை முதிருமுன் கொத்துக் கொத்தாகப் பறித்தால் 12 ஆண்டு வளர்ச்சியும் வீண். இரவிகுளத்தில் அடுத்த பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது; சுற்றுலா செல்லும் நண்பர்கள் இதனை எண்ணுவார்களாக.

அப்படியாயின் தவளைக்கு அச்சமில்லையோ? ஓடையைத் தடுப்பணையால் மறித்தால் பாயும் நீர் தேங்கிவிடும். பிறகு அது ஆண்டுதோறும் வந்து முட்டையிட்டாலும் தலைப்பிரட்டைக்கு வேண்டிய பெருக்கு அங்கே இராது.