ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

எட்டாம் வகுப்பில் விழுக்காடு பாடம் முடிந்த மறுநாள், வீட்டு மின் கட்டண அட்டையை எடுத்து வரச் சொன்னேன். பாதிப் பேர்தான் கொண்டுவந்தார்கள். "எங்களுக்கு அட்டையே இல்ல டீச்சர், வீட்டுக்காரங்ககிட்ட இருக்கு. நாங்க யூனிட்டுக்கு எட்டு ரூபா குடுத்துருவோம்" என்றாள் ஒரு மாணவி. பக்கத்தில் இருந்தவன், "எங்களுக்குப் பில்லே வராது, நூறு யூனிட்டுக்குள்ளதான் ஓடும்" என்றான்.

காரைக்குடிப் பகுதியில் பணிபுரிவோருக்கு இது புதிதாக இருக்காது. பழைய பெரிய வீடுகளின் பின்கட்டில் மூன்று நான்கு குடித்தனங்கள் இருக்கும். மின் இணைப்பு மட்டும் ஒன்றே ஒன்று. எல்லாருடைய யூனிட்டும் ஒரே மீட்டரில் சேர்ந்து ஓடுவதால் மேல் படிநிலைக்குப் போய்விடும். 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், அந்த நூறும் இத்தனை குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரு நூறுதான்.

அன்று கணக்கோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் "இந்த விதியை யார் டீச்சர் போட்டாங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். அந்தக் கேள்வி என்னை மூன்று பாடவேளைக்கு இழுத்துச் சென்றது.

முதலில் கரும்பலகையில் ஒரு கணக்கு. 2022 செப்டம்பருக்கு முன் இருந்த கட்டணப்படி 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு: முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு ரூ.2 வீதம் 200, அடுத்த 300 யூனிட்டுக்கு ரூ.3 வீதம் 900, நிலைக்கட்டணம் 30. மொத்தம் ரூ.1,130. ஒரு யூனிட் கூடி 501 ஆனால் வீதமே மாறிவிடும். அடுத்த 100க்கு ரூ.3.50, அடுத்த 300க்கு ரூ.4.60, கடைசி ஒன்றுக்கு ரூ.6.60, நிலைக்கட்டணம் 50. மொத்தம் ரூ.1,786.60. ஒரே ஒரு யூனிட்டின் விலை ரூ.656.60! பிள்ளைகள் நம்பாமல் மறுபடியும் கூட்டிப் பார்த்தார்கள்.

2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த ஆணையில் நிலைக்கட்டணம் நீங்கியது, வீதங்கள் உயர்ந்தன. அதன்படி 500 யூனிட்டுக்கு ரூ.1,725, 501க்கு ரூ.1,958. கட்டணம் கூடியது, பள்ளத்தின் ஆழமோ 233 ரூபாயாகக் குறைந்தது. இது நல்லதா கெட்டதா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. (வீதங்கள் அதன் பிறகும் மாறியுள்ளன. வகுப்பில் நடப்பு அட்டவணையை வைத்துக்கொள்வதே நல்லது.)

சரி, யார் போட்டது? "கரண்டு ஆபீஸ்" என்றார்கள், "முதலமைச்சர்" என்றார்கள். இரண்டும் முழு விடை இல்லை. மின்வாரியம் கட்டணத்தைக் கேட்கலாம், தானே நிர்ணயிக்க முடியாது. மின்சாரச் சட்டம் 2003இன்படி அந்தப் பொறுப்பு தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துடையது. விண்ணப்பம் வந்ததும் அது வெளியிடப்பட வேண்டும். பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்து 120 நாட்களுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். அரசு யாருக்காவது சலுகை தர விரும்பினால் அந்தத் தொகையை அரசே முன்கூட்டிச் செலுத்த வேண்டும். நூறு யூனிட் 'இலவசம்' என்பதன் பொருள், அரசு கட்டுகிறது என்பதே. கட்டணம் தவிர்ந்த மற்ற ஒழுங்குமுறைகளையும் ஆணையம் மாற்றலாம். ஆனால் வரைவை முன்னதாக வெளியிட்டாக வேண்டும், பின்னர் சட்டமன்றத்தின் முன் வைத்தாக வேண்டும்.

அந்த ஆணைக்கு முன் 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. நமக்குப் பக்கம் மதுரை. கூலி வேலையை விட்டு பஸ் ஏறி மதுரைக்குப் போய், நூற்றுக்கணக்கான பக்க மனுவைப் படித்துவிட்டு யார் பேசுவார்கள்? நூற்பாலைகள் பேசும், பேசியதோடு, ஆணையத்தில் சட்டத்துறை உறுப்பினர் இல்லாததைச் சுட்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கும் சென்றார்கள். சட்ட அறிவுள்ள உறுப்பினர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியிருந்தது. தனி நீதிபதி இறுதி ஆணைக்குத் தடை விதித்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. ஆலைகள் வழக்குப் போட்டதில் தவறில்லை, வழி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அவர்கள். பின்கட்டுக் குடித்தனத்துக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. விதியைத் திருத்தும் முறையில் முதலில் திருத்த வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம்: மாவட்டந்தோறும் கூட்டம், எளிய தமிழில் நான்கு பக்கச் சுருக்கம்.

மூன்றாம் பாடவேளையில் வகுப்பறையிலேயே கருத்துக்கேட்பு நடத்தினோம். மூன்று பேர் ஆணையம். மற்றவர்கள் மின்வாரியம், அரசு, ஆலை, விவசாயி, வாடகைக் குடித்தனம். முதல் முறை நான் சொதப்பினேன். கை தூக்கி வாக்களிக்கச் சொன்னதும் எல்லாருக்கும் கட்டணம் பூஜ்யம் என்று ஒருமனதாக முடிவாகிவிட்டது! மின்வாரியமாக இருந்த பையன் மட்டும், "அப்ப நிலக்கரி யாரு வாங்குறது?" என்று பரிதாபமாகக் கேட்டான்.

மறுமுறை இரண்டு நிபந்தனைகள் வைத்தேன். மொத்த வருமானம் நூறு ரூபாய்க்குக் குறையக் கூடாது. ஆணையம் ஒவ்வொருவர் சொன்னதையும் ஒரு வரியில் எழுதி, ஏற்பதா மறுப்பதா என்பதைக் காரணத்தோடு அடுத்த வரியில் எழுத வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் வகுப்பை மாற்றியது. "முடியாது" என்று எழுதிய கை, "ஏனென்றால்" என்று எழுத வரும்போது நின்று யோசித்தது. செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் இதை மட்டும் விட்டுவிட வேண்டாம். நான்கு, ஐந்தாம் வகுப்பினருக்கு இவ்வளவும் தேவையில்லை. மீட்டர் எண்ணைப் படித்து முந்தைய அளவைக் கழித்தாலே போதும்.

எட்டு ரூபாய் கொடுக்கும் அந்த மாணவி வாடகைக் குடித்தனமாகப் பேசினாள். ஒரே மீட்டரில் எத்தனை அடுப்படி இருக்கிறதோ அத்தனை நூறு யூனிட் வேண்டும் என்றாள். அடுப்படியை யார் எண்ணுவது, பொய்க்கணக்குக் காட்டினால் என்ன செய்வது என்று ஆணையம் கேட்டது. ரேஷன் கார்டை எண்ணலாம் என்றாள். மூன்று பேரும் கூடிப் பேசிவிட்டு, "ஏற்கிறோம், செலவை அரசு கட்ட வேண்டும்" என்று எழுதினார்கள். அரசாக இருந்தவள் உடனே எழுந்து, "நான் இன்னும் ஒத்துக்கலையே!" என்றாள். மணி அடித்துவிட்டது. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த கட்டண விண்ணப்பம் வெளியாகும்போது, வகுப்பின் பெயரில் அஞ்சலில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.