தாவர உயிர்ப்பாதுகாப்பும் தோட்டத் தொழிலாளர் பயிற்சியும்

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலுள்ள கோப்பித் தோட்டமொன்றில், இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் என்பார் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பங்கசு அறிஞர் பேர்க்லிக்கு அனுப்பினார். அதுவரை பெயரிடப்படாத ஒரு பங்கசே இதற்குக் காரணம் என்பது அவ்வாண்டிலேயே தெரியவந்தது. ஆயினும், அந்நோய் எவ்வாறு பரவுகின்றது என்பதை ஆராய மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலாளர் இலங்கைக்கு வந்தது 1880ஆம் ஆண்டிலேயாம். வித்திகள் காற்றிற் பறந்து வந்து, இலையின் ஈரத்தில் முளைத்து உட்புகுகின்றன என்பதை அவர் விளக்கிக் காட்டினார். விளக்கம் சரியானதே, ஆனால் அது வந்து சேர்ந்தபோது கோப்பி கைகடந்துவிட்டது. சில ஆண்டுகளுள் மலைநாட்டுக் கோப்பி நிலங்கள் பெரும்பாலும் தேயிலைக்கு மாறின.

நோய் முந்தியும் அறிவு பிந்தியும் வந்தமையே அக்காலத்து இழப்பின் பெரும்பகுதிக்குக் காரணம். அறிவை முந்தச் செய்யும் முயற்சியே இன்று தாவர உயிர்ப்பாதுகாப்பு எனப்படுகின்றது. புதிய பீடைகளும் நோய்களும் ஒரு நாட்டினுள், ஒரு பிரதேசத்தினுள், ஒரு தோட்டத்தினுள் நுழையாது தடுத்தலும், நுழைந்தவற்றை விரைவிற் கண்டு ஒடுக்குதலும் இதன்பாற்படும். நாட்டின் எல்லையிற் காவல் செய்வதற்குச் சட்டமுண்டு. இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்கென இயற்றப்பட்டது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் அலுவலர் உளர். ஆனால் தோட்டத்தின் படலையில் அலுவலர் எவரும் நிற்பதில்லை. அங்கே நிற்பவர் கமக்காரரும் அவரிடம் வேலை செய்யுந் தொழிலாளருமே.

படலைக் காவல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அவுஸ்திரேலியாவின் வாழைச் செய்கை தக்க சான்றாகும். அந்நாட்டு வாழையின் மிகப் பெரும்பகுதி குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடபாகத்தில் விளைகின்றது. அங்கு டலி என்னும் ஊரையடுத்த பண்ணையொன்றில் 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பனாமா வாடல் நோயின் வெப்பவலய 4ஆம் இனம் கண்டுபிடிக்கப்பட்டது. இந்நோயின் முதலாம் இனமே, முன்னர் உலகச் சந்தையை ஆண்ட குறோஸ் மிசேல் வாழையை அழித்தது. அதன் இடத்திற்கு வந்த கவெண்டிஷ் வாழை முதலாம் இனத்தைத் தாங்கி நின்றது. 4ஆம் இனத்தை அதனாலும் தாங்க இயலவில்லை.

இந்நோயை விளைவிப்பது பியுசேரியம் என்னும் மண்வாழ் பங்கசு. அது வேர்வழியே புகுந்து, நீர் செல்லுங் குழாய்களை அடைத்துவிடுகின்றது. முதலில் முதிர்ந்த இலைகளின் ஓரம் மஞ்சளாகும். பின்னர் இலைகள் காம்பில் ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும். தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் செங்கபில நிறப் புள்ளிகளும் கோடுகளும் தென்படும். நோயுற்ற மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. பங்கசு வாழை இல்லாத நிலத்திலும் பல பத்தாண்டுகள் உயிருடனிருக்கும். இவற்றிலும் கொடியது வேறொன்று: நோய் உட்புகுந்து பல வாரங்களோ மாதங்களோ சென்ற பின்னரே மரம் அடையாளங் காட்டும். அதுகாறும் அது நல்ல மரமாகவே தோன்றும். அதன் அடியிலுள்ள மண் சப்பாத்திலும், மண்வெட்டியிலும், உழவு இயந்திரத்தின் சில்லிலும், மழைவெள்ளத்திலும், வேரோடு பெயர்த்த குட்டியிலும் அடுத்த தோட்டத்திற்குச் சென்றுகொண்டேயிருக்கும்.

எனவே, நோயைக் கண்ட பின் காப்புச் செய்வோம் என்றிருப்பவர் காப்புச் செய்யாதவரேயாவர். டலியின் பல பண்ணைகளில் வேலியும், வண்டி கழுவுமிடமும், சப்பாத்து மாற்றும் கொட்டிலும் 2015ஆம் ஆண்டின் பின்னரே பெருமளவில் அமைக்கப்பட்டன. முதலில் நோய் கண்ட பண்ணையை வாழைச் செய்கையாளரின் பேரவை 2016ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கிச் செய்கையை நிறுத்தியது. 2017ஆம் ஆண்டில் இரண்டாவது பண்ணையில் நோய் தோன்றிற்று. ஆயினும் ஐந்து ஆண்டுகள் கழிந்தபோதும் நோய் கண்ட பண்ணைகள் கைவிரலால் எண்ணத்தக்கனவாகவே இருந்தன. அழிக்க முடியாத நோயையும் நடைமுறை ஒழுங்கினால் மெதுவாக நடக்கச் செய்யலாம் என்பதற்கு இது சான்று.

இவ்வொழுங்கைத் தோட்ட உரிமையாளர் மட்டும் அறிந்திருத்தல் போதாது. பழம் வெட்டுபவர், பெட்டி ஏற்றுபவர், உரம் கொண்டுவரும் சாரதி, மின்கம்பி பார்க்க வருபவர் ஆகிய அனைவரும் மண் மிதிப்பவர்களே. வாழைப் பண்ணைகளிற் சில மாதங்கள் மட்டும் வேலை செய்து நீங்குவோர் பலர். ஒருவருக்குக் கற்பித்து முடியுமுன் அவர் போய் வேறொருவர் வந்துவிடுவார். இணையவழிப் பாடங்கள் இவ்விடத்திலேயே பயன்படுகின்றன. பிளான்ற் ஹெல்த் அவுஸ்திரேலியா என்னும் அமைப்பு செய்கையாளருக்கும் தொழிற்றுறையினருக்கும் இத்தகைய பாடங்களை இலவசமாக வழங்குகின்றது. உயிர்ப்பாதுகாப்பின் அடிப்படை, ஐயத்துக்குரிய பீடையை அறிவிக்கும் முறை முதலியன அவற்றில் அடங்கும். தேனீ வளர்ப்போருக்குத் தனிப்பாடமும் உண்டு. சர்வதேசத் தாவரப் பாதுகாப்புச் சமவாயத்தின் செயலகமும், உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட பாடங்கள் பீடை அபாய ஆய்வு, கண்காணிப்பு ஆகியன பற்றியவை. இவை கமக்காரரிலும் அலுவலருக்கே கூடுதலாக ஏற்றவை.

இப்பாடங்களைக் கைத்தொலைபேசியில் ஓய்வு நேரத்திற் கற்கலாம். மறந்ததை மீண்டும் பார்க்கலாம். படமும் அசையுங் காட்சியும் இருத்தலால், நோயின் அடையாளம் மனத்திற் பதிகின்றது. ஆனால் கை செய்யவேண்டியதைக் கண்ணால் மட்டும் கற்றல் இயலாது. மருந்துத் தொட்டியில் சப்பாத்தைக் கழுவுதலை எடுத்துக்கொள்க. மண் ஒட்டிய சப்பாத்தைத் தொட்டியில் ஒருமுறை அமிழ்த்தி எடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என எண்ணுவோர் பலர். மண்ணும் சேதனப் பொருளும் மருந்தின் வலுவைக் குறைத்துவிடும். மண்கட்டியின் நடுவிலுள்ள வித்தியை மருந்து சென்று தொடவும் மாட்டாது. முதலில் நீரும் தூரிகையுங் கொண்டு மண் முழுவதையும் போக்குதல் வேண்டும். அதன் பின்னரே மருந்து. அதுவும் சிட்டையிற் குறித்த நேரம்வரை நனைந்திருத்தல் வேண்டும். கலங்கிய மருந்தை மாற்றாது வைத்திருக்குந் தொட்டி, இல்லாத தொட்டியினுங் கேடானது. ஏனெனில் அது பொய்யான நம்பிக்கையைத் தருகின்றது. இதனைப் படலையடியில் நின்று, தூரிகையைக் கையிற் கொடுத்துக் காட்டுபவர் ஒருவர் வேண்டும். தோட்டத்துக்கென ஒரு சோடிச் சப்பாத்தை வைத்து, வெளிச் சப்பாத்தைப் படலையிலேயே கழற்றச் செய்வது இவையனைத்திலும் எளிது, மலிவு.

எல்லாப் பீடையும் மண்ணில் ஒட்டி வருவதில்லை என்பதும் நினைவிலிருத்தற்பாலது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் சோளச் செய்கையைத் தாக்கிய படைப்புழுவின் அந்து நெடுந்தூரம் பறக்கவல்லது. அதனைப் படலை தடுக்கமாட்டாது. அங்கே விரைவில் இனங்காணுதலே காப்பு. வளர்ந்த புழுவின் தலையில், தலைகீழாக எழுதிய ஆங்கில 'வை' எழுத்துப் போன்ற வெண்கோடும், வால்முனைக்கு அண்மையிற் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் உண்டு. இவ்விரண்டையும் அறிந்த தொழிலாளர் ஒருவர், களை பிடுங்கும்போதே குருத்தைப் பிரித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். அறியாதவர் அதனை வழமையான புழுவென விட்டுவிடுவார்.

கண்டதைச் சொல்லுதற்குப் பலரும் தயங்குகின்றனர். தோட்டம் மூடப்படும், அயலவர் பழிப்பர் என்னும் அச்சமே காரணம். இவ்வச்சத்தைப் பாடத்தினால் மட்டும் நீக்க முடியாது. அவுஸ்திரேலியாவில் அரசுகளும் தொழிற்றுறைகளும் 2005ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை செய்தன. ஒரு புதிய பீடையை ஒழிப்பதற்கெனத் திட்டம் ஏற்கப்பட்டால், அதன்படி பயிரை இழப்பவருக்கு ஈடு செலுத்துதற்கு அதில் இடமுண்டு. முறைப்பாட்டை ஊக்குவிக்க விரும்பும் எந்நாடும் இதனைச் சிந்தித்தல் வேண்டும். இழப்பைத் தனித்துச் சுமப்பவரிடம் உண்மையை எதிர்பார்த்தல் கடினம்.

ஐயத்துக்குரிய மரமொன்றைக் காணுங் கமக்காரர் அதனைப் பிடுங்குதலோ, துண்டொன்றை வெட்டி அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுதலோ கூடாது. அதுவே நோயை வீதிவழி பரப்பிவிடும். மரத்தை நின்ற இடத்திலேயே விட்டு, சுற்றிக் கயிறு கட்டி, அவ்வரிசையில் வேலையை நிறுத்துதல் வேண்டும். கைத்தொலைபேசியில் முழு மரத்தையும், இலையையும், தண்டின் அடியையும் தனித்தனியே படம் பிடிக்கலாம். பின்னர் கைகால்களையும் கருவிகளையும் அவ்விடத்திலேயே கழுவி, விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தல் வேண்டும். அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். அலுவலர் வரும்வரை அத்தோட்டத்திலிருந்து குட்டிகள் எவருக்குங் கொடுக்கப்படலாகாது, உறவினர் கேட்டாலும்.