கார்வை வேறு, தடை வேறு

அன்புள்ள வாசகருக்கு,

மௌனமும் தெருச்சத்தமும் இசையாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாயிறு மாலை நம் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையே ஒரு கச்சேரிதான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மௌனத்தை ஒப்புக்கொள்கிறேன், கச்சேரியை அவ்வளவு சுலபத்தில் ஒப்ப மாட்டேன்.

ஆதி தாளத்தின் ஒவ்வொரு திருதத்திலும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. வீசும் கைக்குச் சத்தமில்லை. கணக்கில் அதுவும் ஓர் அட்சரம். மிருதங்கக்காரர் மோரா என்னும் முடிப்பில் கார்வை, அதாவது எண்ணி விடும் இடைவெளி, விடும்போதும் விவரம் தெரிந்தவர்களின் விரல்கள் எண்ணிக்கொண்டுதான் இருக்கும். அந்த மௌனத்துக்கு இருபுறமும் கரை உண்டு.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் மௌனத்துக்கும் அப்படித்தான். 1952இல் அவருடைய படைப்பை அரங்கேற்ற டேவிட் டியூடர் பியானோ முன் அமர்ந்து, கடிகாரம் பார்த்து, மூன்று பகுதிகளாக 4 நிமிடம் 33 விநாடிக்கு ஒரு சுரமும் வாசிக்காமல் எழுந்தார். கேஜ் நமக்கு முழு அந்நியரல்லர். 1940களில் கீதா சாராபாயிடம் இந்திய இசை பயின்றவர்.

ஆனால் மௌனத்தை அதிகாரம் விதித்தால்? 1973 முதல் நம் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை. பொது ஒழுங்குதான் காரணம் என்றார்கள். ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டர், உறுமியும் மேளமும் இல்லாத நடை. வழியில் 3 இடங்களில் மட்டும் இசைக்கலாம் என்று 2016இல்தான் தளர்த்தினார்கள். இடைப்பட்ட காலத்தை யாராவது கேஜின் கணக்கில் சேர்த்தால் எனக்குக் கோபம் வரும். அதில் யாரும் கார்வை விடவில்லை. வாத்தியத்தைப் பிடுங்கி வைத்திருந்தார்கள், அவ்வளவே. காவடி எடுப்பவரின் காலுக்கு அடி வேண்டுமே! கூட வந்தவர்களின் கைத்தட்டலும் ‘வேல் வேல்’ முழக்கமும் சலங்கையுமே அதைக் கொடுத்தன. இசை என்று நான் சொல்வது இதைத்தான்.

சிராங்கூன் சாலையில் பேருந்து உறுமலும், ஊருக்குப் பேசும் வெளிநாட்டு ஊழியர்களின் குரலும், வீரமாகாளியம்மன் கோயில் மணியும் ஒன்றையொன்று பொருட்படுத்துவதில்லை. கேட்பவர் ஒரு தொடக்கமும் முடிவும் வைத்துக் கேட்டால் இசையாகலாம். அந்தப் பெருமை கேட்ட காதுக்கு, சாலைக்கல்ல. எல்லாக் காதும் இசையாது என்பது வேறு. விடியலில் குயில் கூவுவதற்கே புகார் கொடுக்கும் ஊர் இது!

அடுத்த தைப்பூசத்தில் இசை மேடைகளின் எதிரே நிற்காதீர்கள். ஒரு மேடையின் ஓசை ஓய்ந்து அடுத்தது எட்டாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். அங்கே கூட்டம் எந்த நடையில் கை தட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்