ஒற்றைப் பாதை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

"புதுக் கல்லீரல் நன்றாக வேலை செய்கிறது என்றார்களே, பிறகு அப்பாவுக்கு ஏன் கண் மஞ்சளாகிறது?" என்று கேட்டிருந்தாய். கோளாறு பித்தம் இறங்கும் குழாயில்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற இரண்டு பாதை. குன்னூர்ப் பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகப் பஸ் வந்துவிடும். கல்லீரலும் அப்படித்தான். ஏறக்குறைய முக்கால் பங்கு ரத்தம் குடல் பக்கத்து போர்ட்டல் சிரையில் வருகிறது, மிச்சம் தமனியில். பித்தக்குழாய்க்கோ அந்தத் தமனிதான் கதி. அது அடைத்துக்கொண்டாலும், எடுத்த கல்லீரல் ஐஸில் நெடுநேரம் கிடந்தாலும், முதலில் வாடுவது குழாய்தான்.

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுக்கும்போதே குழாயை அலசிவிடுவார்கள். தேங்கிய பித்தம் அதன் உள்தோலை அரிக்கும். அப்புறம், பென்சில் பருமன்கூட இல்லாத அதை அப்பாவின் குழாயோடு ஒட்டித் தைக்க வேண்டும். ஆரம்பத்தில் அங்கே கசியலாம். மாதங்கள் கழித்து, தையல் வடுவாகிச் சுருங்கலாம். 1968-இல் கேம்பிரிட்ஜில் கல்லீரல் மாற்று அறுவையைத் தொடங்கிய ராய் கால்ன் இந்த இணைப்பை அகிலீஸின் குதிகால் என்றார். நம்மூர்க்காரராக இருந்தால் துரியோதனன் தொடை என்றிருப்பார்!

2008-இல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் இந்தத் தானம் வீட்டுப் பேச்சானது. அப்பாவுக்குக் கொடுத்த குடும்பம் எதுவென்று நமக்குத் தெரியாது. நான் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்வேன்.

அப்பாவுக்குச் சுருங்கியிருப்பது தையல் போட்ட இடம் மட்டும். வாய் வழியாகக் கேமராக் குழாயை இறக்கி, பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றி, ஒரு வருஷம் போல இழுக்கும். கல்லீரலுக்குள்ளே கிளைக்குழாய்களும் சுருங்கியிருந்தால் வைத்தியம் கடினம். சிலருக்கு இன்னொரு கல்லீரலே தேவைப்படும்.

நீ கவனிக்க வேண்டியது: சிறுநீர் கட்டஞ்சாயா நிறமாவது, மலம் வெளுப்பது, ராத்திரி உடம்பு அரிப்பது. எல்லாவற்றையும்விட, நடுக்கத்தோடு வரும் காய்ச்சல். மலையில் யார் நடுங்கினாலும் "குளிரு" என்று கம்பளியைப் போர்த்திவிடுவோமே, அதை மட்டும் செய்யாதே. குழாயில் அடைத்த பித்தத்தில் கிருமி சேர்ந்தால் ஒரே நாளில் ரத்தத்தில் பரவிவிடும். விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.

வலி இல்லையே என்று அப்பா தட்டிக்கழிப்பார். நம்பாதே. மாற்றிவைத்த கல்லீரலின் நரம்புகள் அறுபட்டவை, அடைப்பு வலிக்காமலே இருக்கலாம்.

ஸ்டென்ட் மாற்றும் தேதியைக் காலண்டரில் குறித்துவை. அன்று மழையென்றால் கோத்தகிரி பஸ்ஸில் இறங்குங்கள். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

உன் பெரியத்தை