டேப்பட் கவரில் எண்ணெய்க் கசிவு: இறுக்கினால் நிற்காது

கேள்வி: அப்பா வாங்கின 1984 அம்பாசடர், பெட்ரோல் வண்டிங்க. டேப்பட் கவர் ஓரமா எண்ணெய் கசிஞ்சுட்டே இருக்கு. பேக்கிங் மாத்தியாச்சு, நட்டை இறுக்கியாச்சு, சிலிகான் பேஸ்ட்டும் அப்பியாச்சு. ஒரு வாரம் நிக்குது, அப்புறம் பழைய கதைதான். வண்டி நிக்கறது எங்க நிட்டிங் கம்பெனி ஷெட்லங்க. என்ன பண்ணலாம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: இனி அந்த நட்டைத் தொடாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது பி.எம்.சி.யின் 1489 சி.சி. பி-சீரிஸ் என்ஜின். அதன் டேப்பட் கவர் வெறும் தகடு. நடுவில் இரண்டே நட்டு. உள்ளே எண்ணெய் அழுத்தமும் கிடையாது. ராக்கரில் தெறிப்பது புஷ்ராடு துளை வழியே கீழே இறங்கிவிடும். அதே குடும்பத்து என்ஜின் உள்ள எம்.ஜி.பி. காரின் கையேட்டில் ஹெட் நட்டுக்கு 45 முதல் 50 அடி-பவுண்டு, கவர் நட்டுக்கு வெறும் 4. ஸ்பானரில் முழுக்கை பலத்தைப் போட்டால் கவரின் உதடு நெளியும். நெளிந்த உதட்டில் எந்தப் பேக்கிங்கும் உட்காராது.

கவரைக் கழற்றி, தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் வையுங்கள். எங்கே ஃபீலர் கேஜ் நுழைகிறதோ அங்கேதான் கசிவு. மரக்கட்டையில் வைத்து மெல்லத் தட்டி நிமிர்த்தலாம். அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறையில் கொடுத்தால் மெக்கானிக்கைவிட நன்றாகவே செய்வார்கள் என்பது என் கட்சி.

பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகச் சுரண்டுங்கள். உள்பக்கம் பிதுங்கிய சிலிகான் துணுக்கு சம்ப்பில் விழுந்தால் ஆயில் பம்ப் வடிகட்டியை அடைத்துவிடும். துடைக்க உங்கள் ஊர் பனியன் வேஸ்ட்டே போதும். பிசிறு மட்டும் ஹெட்டுக்குள் விழக்கூடாது. கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கியிருந்தால் சற்று நேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள், அளவுக்கு வந்துவிடும். ஈரத்தைத் துடைத்துக் கவரில் மட்டும் ஒட்டுங்கள். ஹெட்டில் படும் பக்கத்துக்கு லேசாகக் கிரீஸ் போதும்; அடுத்த முறை டேப்பட் பார்க்கும்போது கிழியாமல் வரும். நட்டுக்கு அடியிலுள்ள ரப்பர் புஷ்ஷைப் பலர் மாற்றுவதே இல்லை. அது கல்லாகியிருந்தால் கசிவு அங்கிருந்தும் வரும்.

இதற்குப் பிறகும் கசிந்தால் பிரீதரைப் பாருங்கள். அந்தக் குழாய் அடைத்தால் கிராங்க்கேஸ் காற்று போக வழியின்றி எண்ணெயை வெளியே தள்ளும். நிட்டிங் ஷெட்டில் நிற்கும் வண்டி என்பதால் இதைச் சொல்கிறேன். ஆயில் ஊற்றும் மூடி காற்றுத்துளை உள்ள வகையானால் பஞ்சு அதைக் கம்பளி மாதிரி மூடிவிடும். மண்ணெண்ணெயில் அலசி உலர்த்துங்கள். என்ஜின் சூடாக ஓடும்போது மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? அப்படியானால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது வேறு செலவு.

பஞ்சால் ஒரு உபகாரமும் உண்டு. என்ஜினைக் கழுவித் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். பஞ்சு முதலில் ஒட்டுகிற கோடுதான் கசிவின் தொடக்கம். அது மேனிஃபோல்டுக்குப் பின்னாலுள்ள சைடு கவரில் இருந்தால், இத்தனை நாள் தப்பான பேக்கிங்கை மாற்றியிருக்கிறீர்கள். எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து எக்ஸாஸ்ட் ஓரம் படிந்திருந்தால் மட்டும், காத்திராமல் அன்றே துடைத்துவிடுங்கள். தீப்பிடிக்க அது போதும்.