சிற்றுண்டிச்சாலை திறப்போர் படும் பாடு

உணவு விற்கும் தொழில் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தைக் கூறுமிடத்துப் பிட்டு விற்போரைக் காழியர் என்றும், அப்பம் விற்போரைக் கூவியர் என்றும் பெயர் சுட்டுகின்றது. ஆயின் அக்காழியரும் கூவியரும் கடை திறக்குமுன் என்ன பாடுபட்டனர் என்பதனை அந்நூல் கூறிற்றிலது. இலையில் வந்த உணவைப் போற்றுவார் பலர். உலையில் இருந்த பொழுது அதனை நினைப்பார் சிலரே. யாம் ஈண்டு ஆராயப் புகுவது அவ்வுலைப்பக்கத்துச் செய்தியேயாம்.

செஞ்சிக்கு வடக்கே அணித்தாயுள்ள சிங்கவரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்குக் குன்றின்மேல் பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறார். அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்னும் சமண முனிவர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கல்வெட்டொன்று அறிவிக்கின்றது. உணவைத் துறந்தவர் புகழ் நிற்கும் அவ்விடத்திற்கே இன்று பசியோடு வருவோர் பலர். செஞ்சிக்கோட்டையும், மராட்டியர் படைத்துறை நிலப்பரப்பைச் சார்ந்த 12 கோட்டைகளுள் ஒன்றாக, 2025 சூலை 11-ஆம் நாள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. காண வருவோர் பெருகுவர் என்ற நம்பிக்கையால், இப்பக்கத்தில் ஒரு சிற்றுண்டிச்சாலை வைத்தால் என்ன என்று எண்ணுவார்க்கும் குறைவிராது.

பண்டை நாளில் இக்கவலை எழுந்ததில்லை. சிறுபாணாற்றுப்படை காட்டும் ஓய்மா நாடு திண்டிவனத்தைச் சூழ்ந்தது, செஞ்சிக்குத் தொலைவன்று. அந்நூலில் வழிச்செல்லும் பாணர்க்கு எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும், வேலூரில் புளிச்சோறும், ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக் கலவையும் கிடைக்கின்றன. விலை கேட்டவர் எவருமிலர். இந்நாளிலோ, வழிப்போக்கர்க்கு விருந்தளிக்கும் கடமை கடைக்காரர் தலைமேல் வந்துள்ளது. அவரோ அதனால் வயிறு வளர்க்கவும் வேண்டும். அல்லல்கள் பிறப்பது இவ்விரண்டிற்கும் இடையிலேயாம்.

முதலாவது, இடம். கோட்டை வாயிலை ஒட்டிக் கடை கட்டினால் வாணிகம் செழிக்கும் என்று எவர்க்கும் தோன்றும். ஆனால் தொன்மைச் சின்னங்கள் பற்றிய 1958-ஆம் ஆண்டுச் சட்டம் 2010-இல் திருத்தப்பட்டபோது, காக்கப்படும் சின்னத்தினின்றும் 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பரப்பாகவும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குக்குட்பட்ட பரப்பாகவும் வகுக்கப்பட்டன. ஆகவே ஒரு கூரை வேயுமுன் அளவுநாடா பிடித்தல் வேண்டும். இதனை அறியாது முன்பணம் கொடுத்தவர் பின்னர் வருந்துவர்.

இரண்டாவது, உண்பார் தொகை. இஃது எல்லாவற்றினும் கடியது. திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோர் முழுநிலா நாளில் செஞ்சி வழியே திரள்வர். மேல்மலையனூர் அங்காளம்மனைக் காணச் செல்வோர் அமாவாசை இரவில் திரள்வர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் கோயில்களுக்கு அடியார் மிகுவர். மற்றைய நாட்களிலோ, வெயில் ஏறியபின் தெருவில் ஆள் அரிது. எனவே அடுப்பு வாங்குமுன் பஞ்சாங்கம் வாங்குதல் நன்று என்போம்.

ஏனெனில் சமைத்த உணவு காத்திருக்கும் பண்டமன்று. செஞ்சிக்கோட்டை 1690 முதல் 1698 வரை மொகலாயர் முற்றுகையைத் தாங்கியது மதில்வலியால் மட்டுமன்று. மலைமேல் நீர்நிலைகளும், கீழே நெற்களஞ்சியங்களும் இருந்தமையாலுமாம். நெல்லைச் சேர்த்து வைக்கலாம். மாவைச் சேர்த்து வைத்தல் இயலாது. இட்டலிக்கு முதல்நாளே அரைத்து வைத்தல் வேண்டும். கோடையில் விரைந்து புளிக்கும், மார்கழிப் பனியில் எளிதில் பொங்காது. நாளைக்கு எத்துணைப் பேர் வருவர் என்ற வினாவிற்கு இன்று மாலையே விடை கூறியாக வேண்டும். மிகுதியாக அரைத்தால் நட்டம். குறைவாக அரைத்தால் வந்தவர் பசியோடு திரும்புவர், மறுமுறை வாரார்.

அன்றியும், வீட்டில் நால்வர்க்குச் சமைப்பதில் கைதேர்ந்தவர் நூற்றுவர்க்குச் சமைக்கப் புகின், உப்பும் புளியும் பழைய அளவிற்கு இணங்கா. நீர் உவராயின் பருப்பு வேகாது. வேகாத பருப்பிற்கு எரிபொருள் மிகும். செஞ்சிச் சந்தைக்கு நெல் மிகுதியாக வருவதால் அரிசிக்குக் குறைவில்லை. ஆனால் பால், காய்கறி, வாழையிலை ஆகிய மூன்றும் நாள்தோறும் வாங்கப்பட வேண்டியவை. நாள்தோறும் விலை மாறுபவை. விலைப்பலகையையோ நாள்தோறும் மாற்றுதல் ஆகாது.

மூன்றாவது, சட்டம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. 2011-இல் வந்த விதிகள், ஆண்டு வரவு 12 இலட்ச ரூபாய்க்கு மேற்படாத சிறு கடைகளுக்கு ஆண்டிற்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு என்று வகுத்தன. கட்டணம் சிறிதே, அதற்குரிய தாள்களைத் திரட்டுதலும், அலுவலகந்தோறும் நடத்தலுமே பெரிது. வீட்டிற்குரிய 14.2 கிலோ எரிவாயு உருளையைக் கடையில் பயன்படுத்தலாகாது. வாணிகத்திற்குரிய 19 கிலோ உருளையையே வாங்குதல் வேண்டும். தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் விலக்கப்பட்டமையால், தட்டின்மேல் விரிக்கும் தாளும் பொட்டலம் கட்டும் பையும் கூடா. வாழையிலை வாடும், பிளாஸ்டிக் தாள் வாடாது. எனினும் வாடுவதையே வாங்குக என்பது விதி.

நிற்க. இவ்வல்லல்களுள் பலவற்றிற்குக் குறுக்குவழி உண்டு என்பதை யாவரும் அறிவர். வடை சுட்ட எண்ணெயை மறுநாளும் அதன் மறுநாளும் காய்ச்சலாம். அவ்வாறு காய்ச்சக் காய்ச்ச முனைவுச் சேர்மங்கள் என்னும் கேடான பொருள்கள் பெருகும். அவை 25 விழுக்காட்டைக் கடந்தால் அவ்வெண்ணெய் ஆகாது என்ற விதி 2018 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் எண்ணெயை அளப்பார் ஒவ்வொரு நாளும் வருவரோ? நீரைச் சோதிக்காமலே குவளையில் ஊற்றலாம். மிஞ்சிய குழம்பைப் புதியதோடு கலக்கலாம். இவ்வாறு செய்பவர் அல்லலினின்றும் நீங்கியதாக எண்ணுகின்றார். உண்மை அஃதன்று. அல்லல் நீங்கிற்றில்லை, இடம் பெயர்ந்தது. கடைக்காரர் சுமக்க மறுத்ததை உண்பவர் தம் உடலில் சுமக்கின்றார். அவரோ மலையேறி இறங்கிப் பசித்து வந்தவர், அடுக்களையைக் கண்டவரல்லர், நம்பி உண்டவர். முன்பின் அறியாத ஒருவர் வைத்த நம்பிக்கையே இத்தொழிலின் முதற்பொருள் என்பது எம் துணிபு.

மற்றுமோர் அல்லல் உண்டு. அஃது உள்ளத்தைப் பற்றியது. தேநீர்க் கடைகளில் சாதி நோக்கி வேறு குவளை வைத்த இழிவைத் தமிழ்நாடு அறியும். 1950 சனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15-ஆம் பிரிவு, பொது உணவகங்களில் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுத்தலாகாது என்றது. 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவகத்தில் யாவர்க்குமென வைத்த கலங்களை எவர்க்கும் மறுத்தல் குற்றம் என்றது. ஆயினும் ஊரார் சிலர் முகங்கோணுவர், வாடிக்கை குறையும் என்னும் அச்சம் புதிதாய்க் கடை வைப்பவரை வருத்துதல் கூடும். அவ்வச்சத்தை அவர் ஏற்று நின்றால் அஃது அவரோடு போம். ஏலாது குவளையைப் பிரித்தாராயின், அதன் சுமையைப் பசித்து வந்த ஏழை மானக்கேடாகச் சுமப்பார்.

ஆதலின், சிற்றுண்டிச்சாலை திறக்க எண்ணுவார்க்கு யாம் கூறத்தக்கது இது. நகையை அடகு வைக்குமுன் ஒரு திங்கள் தெருவில் நின்று, எந்நாளில் எத்துணைப் பேர் வருகின்றனர் என்று எண்ணுக. சில திங்கள் வரவின்றியே வாடகையும் கூலியும் கொடுத்தற்குரிய பொருளைத் தனியே வைக்க. தொடக்கத்தில் பண்டங்கள் சிலவேயாகுக; அவை புதியனவாகுக. பரிமாறுவார்க்கும் கலங் கழுவுவார்க்கும் உரிய கூலியைக் குறித்த நாளில் கொடுக்க. உண்ணச் செல்லும் நமக்கும் கடமையுண்டு. விடியுமுன் எழுந்தவர் உழைப்பு அவ்விலையில் இருக்கின்றது என்றறிந்து, உரிய விலையை முகஞ்சுளியாது கொடுத்தலும், இலையில் வீணே மிச்சம் வையாமையும் அக்கடமையாம்.