வெட்டி எடுத்தால் போய்விடுமா?

(தோல் நல மருத்துவரின் பதில்கள்)

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. கல்லூரியில் படிக்கும்போது தோழிகளோடு போய்க் காதில் இரண்டாவது துளை போட்டுக்கொண்டாள். சில மாதங்களில் துளைக்குப் பின்பக்கம் சதை வளர ஆரம்பித்தது. பக்கத்துக் கிளினிக்கில் வெட்டி எடுத்தோம். ஒரு வருஷத்துக்குள் முன்பைவிடப் பெரிதாக, நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது. தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம். மறுபடி வெட்டிவிடலாமா? குழந்தையில் காது குத்தியபோது ஒன்றும் வரவில்லையே, இப்போது மட்டும் ஏன்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வெறுமனே வெட்ட மட்டும் வேண்டாம் அம்மா. உங்கள் மகளுக்கு இருப்பது கெலாய்டு. காயம் ஆறும்போது தோலுக்கு அடியில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் உருவாகி இடைவெளியை அடைக்கும். வேலை முடிந்ததும் அது நின்றுவிட வேண்டும். கெலாய்டு வரும் உடல்வாகு உள்ளவர்களுக்கு அது நிற்பதில்லை. சுவரைப் பூசி முடித்த பிறகும் வீட்டுக்குக் கிளம்பாமல் கலவையை அப்பிக்கொண்டே இருக்கும் கொத்தனாரைப் போல, காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் தழும்பு பரவுகிறது. அதை வெட்டினால் என்ன ஆகும்? இன்னொரு காயம், அதுவும் பழைய ஊசித்துளையைவிடப் பெரிய காயம். உடம்பு அதற்கும் அதே வேகத்தில் பதில் சொல்லும். வேறு எந்தச் சிகிச்சையும் சேர்க்காமல் கத்தியை மட்டும் நம்பினால், 100 பேரில் 45 பேர் முதல் கிட்டத்தட்ட எல்லோருக்குமே திரும்ப வருவதாக மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் மகளுக்கு நடந்தது விதிவிலக்கு அல்ல.

குழந்தையில் ஏன் வரவில்லை என்று கேட்டது நல்ல கேள்வி. கெலாய்டு அதிகம் தலைகாட்டுவது 10 வயதிலிருந்து 30 வயதுக்குள்தான். 11 வயதுக்கு முன் காது குத்திக்கொண்டவர்களைவிட அதற்குப் பிறகு குத்திக்கொண்டவர்களுக்கே கெலாய்டு அதிகம் வருகிறது என்று 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் கைக்குழந்தைக்கே காது குத்தும் நம் வழக்கம் இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சாதகமாகவே அமைந்துவிட்டது. ஆபத்து வருவது கல்லூரி வயதில் போடும் இரண்டாவது, மூன்றாவது துளைகளில்தான். குடும்பத்தில் யாருக்காவது கெலாய்டு இருந்தால் அந்தத் துளைகளே வேண்டாம் என்பேன்.

இனிச் சிகிச்சை. முதலில் ஊசி. டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை அந்தக் கட்டிக்குள்ளேயே செலுத்துவோம். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, பல முறை போட வேண்டியிருக்கும். வலிக்கும், அதை மறைக்க மாட்டேன். கெலாய்டு இறுகிக் கிடப்பதால் மருந்து உள்ளே போகவே அடம்பிடிக்கும். மரப்பு மருந்தையும் கலந்து போட்டால் கொஞ்சம் தாங்கலாம். முதல் பலனாக அரிப்பும் வலியும் குறையும், பிறகு தடிப்பு மிருதுவாகித் தணியும். "ஸ்டீராய்டா? உடம்பு ஊதிவிடுமே!" என்று பல அம்மாக்கள் ஊசியைப் பார்த்ததும் மகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் தினமும் மாத்திரை விழுங்குவது வேறு, காதில் ஒரு துளி மருந்து போடுவது வேறு. இதில் பக்கவிளைவு பெரும்பாலும் ஊசி போட்ட இடத்தில்தான்: தோல் மெலியலாம், நிறம் வெளுக்கலாம், சிறு ரத்தக்குழாய்கள் தெரியலாம். நிறம் பெரும்பாலும் மாதங்களில் திரும்பும். சிலருக்கு மாதவிலக்குத் தேதி முன்பின்னாகும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், எனவே முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நெல்லிக்காய் அளவு என்கிறீர்கள். ஊசி மட்டுமே அதை முழுக்கக் கரைத்துவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இந்த அளவுக்கு அறுவையும் தேவைப்படலாம். ஆனால் வெட்டுவதற்கு முன்பே, வெட்டிய பிறகு என்ன செய்யப்போகிறோம் என்று முடிவாகியிருக்க வேண்டும். அறுவை நடந்த இடத்தில் தொடர்ந்து ஊசி, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் தோடு போன்ற கிளிப்பைப் பல மாதங்கள் நாளின் பெரும்பகுதி நேரம் அணிவது, அல்லது அறுவை முடிந்த ஓரிரு நாளுக்குள் தொடங்கும் குறைந்த அளவுக் கதிர்வீச்சு, இவற்றில் ஒன்றோ இரண்டோ அவசியம். இந்தத் துணையோடு செய்யும்போது, மற்ற இடங்களைவிடக் காதுச் சோணையில் பலன் நன்றாகவே இருக்கிறது. "தையல் பிரித்ததும் வரவே வேண்டாம்" என்று சொல்பவரிடம் வெட்டிக்கொள்ளாதீர்கள்.

தை மாதத்துக்குள் தோல் பழையபடி ஆகுமா என்றால், ஆகாது. இன்றே தொடங்கினால் தடிப்பும் அரிப்பும் நன்றாகக் குறைந்திருக்கும். அவசரப்பட்டுக் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வெட்டி, அதற்குப் பிறகு மறுவீடு, விருந்து என்று சிகிச்சையை விட்டுவிடுவதுதான் நான் பயப்படும் விஷயம். அந்தக் காதில் கனமான ஜிமிக்கி வேண்டாம், புதுத் துளையும் வேண்டாம். பிள்ளை வீட்டார் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல.

கேள்வி: வயது 27. நெஞ்சின் நடுவில் ஒரு பரு வந்து காய்ந்த இடத்தில் தடிப்பு வந்தது. இப்போது நண்டு கால் நீட்டியதுபோல இரண்டு பக்கமும் நீள்கிறது. ராத்திரி அரிப்பில் தூக்கம் வருவதில்லை. கோயிலில் சட்டையைக் கழற்றவே கூச்சமாக இருக்கிறது. இது புற்றுநோயாக மாறுமா? சுண்ணாம்பு வைத்தால் கருகி விழுந்துவிடும் என்கிறார் சித்தப்பா.
– வாசகர், தேனி

பதில்: சித்தப்பாவின் சுண்ணாம்பைத் தொடவே தொடாதீர்கள். சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும். பொசுங்கிய இடமும் காயம்தான், காயம் என்றால் கெலாய்டுக்குக் கொண்டாட்டம். சூடு போடுவது, பிளேடால் சீவுவது, நூல் கட்டி இறுக்குவது எல்லாமே இதே கணக்குதான். இப்படி ஏதாவது செய்துகொண்டு, விரல்கடை அளவாக இருந்ததை உள்ளங்கை அளவாக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபமே வந்துவிடுகிறது.

புற்றுநோய் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பற்றி விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் அலிபேரே முதலில் இதைப் புற்றோடு சேர்த்துப் பேசிவிட்டுப் பிறகுதான் பிரித்தார். கெலாய்டு புற்று அல்ல. ஆனால் கெலாய்டு போலவே தோற்றம் காட்டும் அரிதான தோல் கட்டிகள் உண்டு. தடிப்பு திடீரென வேகமாக வளர்ந்தாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ, ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நெஞ்சு கெலாய்டுக்கு மிகவும் பிடித்த இடம். தோள், மேல் முதுகு, தாடை ஓரம், காது ஆகியவையும் அப்படித்தான். நெஞ்சுத் தோல் எந்நேரமும் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது, அந்த இழுவை தழும்பை வளர்க்கிறது. அதனால் நெஞ்சில் கத்தி வைக்க நாங்கள் மிகவும் யோசிப்போம். ஊசிதான் முதல் வழி. அது மட்டும் போதாதபோது 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தையும் கலந்து போடுவோம். அது புற்றுநோய்க்கும் பயன்படும் மருந்துதான், மருந்துச் சீட்டில் பெயரைப் பார்த்துவிட்டுக் கலங்க வேண்டாம். திரவ நைட்ரஜனால் உறையவைக்கும் முறையும் உண்டு. நம் மாநிறத் தோலில் அது வெள்ளைத் திட்டு விட்டுச்செல்லக்கூடும் என்பதால், கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். ஊசியால் தணிந்த பிறகும் சிலருக்குத் திரும்ப வரும், அதனால் குறைந்தது ஒரு வருஷமாவது கண்காணிப்பில் இருங்கள். மார்பிலும் முதுகிலும் வரும் பருக்களுக்கு இப்போதே மருந்து எடுங்கள், ஒவ்வொரு பருவும் அடுத்த கெலாய்டுக்கு வாசல். கிள்ளாதீர்கள்.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவிலேயே இந்த ஊசி போடுகிறார்கள்.

கேள்வி: சிசேரியன் ஆகி மூன்று மாதம். தழும்பு சிவந்து தடித்திருக்கிறது. கெலாய்டா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: வெட்டிய கோட்டுக்குள்ளேயே தடிப்பு நிற்கிறதா, கோட்டைத் தாண்டி வெளியே வழிகிறதா என்று பாருங்கள். உள்ளேயே நின்றால் அது பெரும்பாலும் வெறும் தடித்த தழும்பு. காயம் ஆறிய சில வாரங்களிலேயே எழும்பி, மாதங்கள் போகப்போகத் தானே தணிந்துவிடும். கெலாய்டு பல மாதம் கழித்துக்கூடத் தொடங்கும், தானாக அடங்காது. காயம் முழுக்க ஆறியிருப்பதால் சிலிக்கான் தகடு ஒட்டலாம். தினம் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம் விடாமல் ஒட்டினால்தான் பலன். தகடு வியர்வையில் நழுவினால் சிலிக்கான் களிம்பு போதும்.

கேள்வி: மூக்குத்தி குத்தி மூன்று வாரத்தில் துளையருகே சிவந்த சிறு கொப்புளம். தொட்டால் ரத்தம் வருகிறது. கெலாய்டா?
– வாசகி, சேலம்

பதில்: இத்தனை சீக்கிரம் கெலாய்டு வராது. உரசலாலும் கிருமித்தொற்றாலும் வரும் சதைப்பிதுக்கமாகத்தான் இருக்கும், மருத்துவரிடம் காட்டினால் சரியாகிவிடும். மூக்குத்தியைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள்.

எல்லா வாசகர்களுக்கும்: உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கெலாய்டு வந்திருந்தால், மச்சம் எடுப்பதானாலும் இதய அறுவையானாலும், கத்தி தொடுவதற்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தையல் போடும் விதத்திலிருந்தே அவர் கவனமாக இருக்க முடியும்.